பெண் கேட்டு வந்த பேட்டரி

என் வீட்டுக்காரர் லுஹெண்டே, மகு ஊரில் முசோமா ரோட்டோரத்தில் பேட்டரி பார்த்துச் சொல்கிறவர். சார்ஜ் போடுவார், தண்ணீர் விடுவார், முனையில் பூத்திருக்கும் பச்சையைச் சுரண்டித் தருவார். ஆனால் ஊருக்கு அவர் தேவைப்படுவது ஒரே ஒரு பதிலுக்குத்தான்: செத்துவிட்டதா, தூங்குகிறதா? எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேச்சு. தூங்குகிற பேட்டரியைச் சார்ஜ் போட்டு எழுப்பிவிடலாம். செத்ததை ஈயத்துக்குத்தான் போட வேண்டும். வருகிறவன் ஒவ்வொருவனும் 'தூங்குது' என்ற வார்த்தையைக் கேட்கத்தான் வருகிறான். இந்த மனுஷன் வாயிலிருந்து அது லேசில் வராது.

பொய் சொல்ல மாட்டார் என்று ஊரில் சிலர் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள். கூட இருந்து பார்த்தால் தெரியும், அது பெருமை இல்லை, வியாதி. பிலாவ் சோறு எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட மென்று முடித்து, தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, "அடியில பிடிச்சிருக்கு" என்பார். அதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும்.

தொழிலிலும் இதே கதைதான். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த சூட்டோடு மீட்டரை வைத்தால் செத்த பேட்டரியும் பிரமாதமாக வோல்ட் காட்டும் என்பார். அதனால் வருகிறவனிடம் எல்லாம், "வச்சிட்டுப் போ, ஆறட்டும், நாளைக்குச் சொல்றேன்." வேன் ஓட்டுகிறவன் வேனை நிறுத்திவிட்டு நாளைக்கு வருவானா? "பேட்டரியைப் பாருன்னா, பொண்ணு பார்க்கிற மாதிரி நல்ல நாள் பார்க்கிறியேய்யா!" என்று கத்திவிட்டு அடுத்த கடைக்குப் போவான். அங்கே இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கம்பியை இழுப்பார்கள். பளீரென்று தீப்பொறி பறக்கும். "சிங்கம் மாதிரி இருக்கு, போ" என்று அனுப்பிவிடுவார்கள். சிங்கம் இரண்டாம் நாள் சந்தையில் படுத்துவிடும். அப்போது திரும்பி வந்து, "நான் ஒண்ணுமே பண்ணலை, அதுவா போயிடுச்சு" என்பான். இவரிடம் வருகிற அத்தனை பேருக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம். யாரும் எதுவும் பண்ணியிருக்க மாட்டார்கள். பேட்டரி தானாகவே மனம் நொந்து செத்துப்போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட இவரைப் பாடாய்ப் படுத்தியது 'பேட்டரி தண்ணி' என்ற சொல். எங்கள் கடைகளில் இரண்டு பாட்டில் உண்டு. ஒன்றில் சுத்தத் தண்ணீர், இன்னொன்றில் ஆசிட். இரண்டுக்கும் பெயர் பேட்டரி தண்ணிதான். பேட்டரியில் வற்றுவது தண்ணீர். ஆசிட் உள்ளேயேதான் இருக்கும். தண்ணீர் விட வேண்டிய இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் உள்ளே தகடு வெந்து போகும். ஆனால் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்த்தால் மிதவை ஜோராக மேலே நிற்கும், முழுச் சார்ஜ் என்று காட்டும். கெடுத்ததும் அதுதான், நன்றாக இருக்கிறது என்று சாட்சி சொல்வதும் அதுதான். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, கடைசியில் எங்கள் கொட்டகைச் சுவரில் சிவப்பு பெயின்டில் 'தண்ணீர் வேறு, ஆசிட் வேறு' என்று பெரிதாக எழுதிவைத்தார். புதிதாக வந்த பாதிரியார் அதைப் படித்துவிட்டு, எந்த அதிகாரத்தில் வருகிற வசனம் என்று என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் தொழில், போகட்டும் என்று விட்டிருப்பேன். எனக்கு வயிற்றெரிச்சல் என் மகள் கபுலா விஷயத்தில். சந்தையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள், கெட்டிக்காரி. போன வருஷம் ஒரு பஸ்காரர் வீட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். டீ குடிக்கும்போது அந்த மனுஷன் பெருமையாக, "என் பஸ் ஒண்ணுகூட நடுரோட்டில நின்னதில்லை" என்றார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மூணு பஸ் பேட்டரியும் சாகக் கிடக்குது, நான்தான் பார்த்தேன்" என்றார். டீ ஆறுவதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதனால் இந்த வருஷம் மசுங்கா வீட்டிலிருந்து கேட்டு வருகிறார்கள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த மனுஷன் வாய்தான். மசுங்கா பஞ்சாலையில் எடை போடுகிறவன். சொந்த ஊர் பரியாடி பக்கம். கபுலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அவன் பெயர் வந்தால் ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறினாள். இதுவும் தட்டிப்போனால் பேட்டரிக்காரர் வீட்டுக்கு இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆசிட் தெறித்துச் சல்லடையாகாத சட்டை ஒன்றை வாங்கி வந்து அவரிடம் கொடுத்தேன்.

"கபுலா அப்பா, இன்னைக்கு நீங்க சிரிச்சா போதும். பேச வேண்டாம்."

"கேட்டா?"

"கேட்டாலும் சிரிங்க."

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது. அவர்கள் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். மசுங்காவின் அப்பா ஷிகெலா நெடுநெடுவென்ற ஆள். தொப்பியும் கைத்தடியுமாக இறங்கினார். முட்டிவலிக்காரியான அத்தை கிஜா முன் சீட்டிலிருந்து மெல்ல இறங்க, பின்னால் நான்கு பெரியவர்கள். வண்டியை ஓட்டி வந்தது மசுங்கா. நிறுத்த வேறு இடமே இல்லாத மாதிரி நேராகக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

பேச்சு நன்றாகவே போனது. பெண்ணுக்கு ஈடாக எத்தனை மாடு தருவது என்ற பேச்சு வழக்கமாக இழுபறியாகும். அன்று வழுக்கிக்கொண்டு போனது. ஏரி மீன் வறுவலை அத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே இருந்தார். பல் தெரியத் தெரிய அவர் சிரித்ததைப் பார்த்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று ஒரு பெரியவர் விசாரித்தார். பெண்ணைத் தருகிறோம் என்ற வார்த்தையை மட்டும் அவர்கள் புறப்படும்போது வாசலில் வைத்துப் பெண்ணின் அப்பா சொல்ல வேண்டும். அது ஷிகெலா வீட்டு வழக்கமாம். அவ்வளவுதான் பாக்கி. என் மனசில் பாதி பாரம் இறங்கிவிட்டது.

எல்லாரும் வாசலுக்கு வந்தோம். வண்டியைத் திருப்பி வைக்கலாம் என்று மசுங்கா ஏறிச் சாவியைத் திருப்பினான். டிக். இன்னொரு தடவை. டிக், டிக். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றது. கோயிலில் மணியடித்தால் நிமிர்கிற மாதிரி நிமிர்ந்தார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்தேன். பயன் இல்லை.

"பேட்டரிதான்" என்றார்.

"இருக்காது சம்பந்தி" என்றார் ஷிகெலா. "இந்த வண்டியை நான் குழந்தை மாதிரி வச்சிருக்கேன். நேத்துதான் பேட்டரி தண்ணி ஊத்தினோம்."

"எந்தத் தண்ணி?"

"பேட்டரி தண்ணிதான்!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பானெட் திறந்தாகிவிட்டது. கண்ணாடிக் குழாய் வந்துவிட்டது. ஆறு மூடியையும் கழற்றி ஒவ்வொரு அறையாக உறிஞ்சிப் பார்த்தார். மிதவை ஒவ்வொன்றிலும் பச்சைக் கோட்டுக்கும் மேலே போய் நின்றது. பின்னால் எட்டிப் பார்த்த பெரியவர்களுக்கு ஒரே சந்தோஷம். "பாரு, பச்சை! முழுச் சார்ஜு! நம்ம அண்ணன் வண்டின்னா சும்மாவா?"

"இவ்வளவு மேல நிக்கக்கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"நல்லா இருந்தாலும் குத்தமா?" என்றாள் அத்தை.

ஷிகெலா அதற்குள் கீழே கிடந்த கம்பித் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். "இப்பப் பாருங்க" என்று முனையில் ஒரு இழுப்பு இழுத்தார். பளீரென்று பொறி பறந்தது. பெரியவர்கள் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் பாய்ந்து சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"மூடி திறந்து கிடக்கு, வாயு வெளிய வருது! வெடிச்சா கண்ணு போயிடும்யா!"

பெண் கேட்டு வந்த மனுஷனின் கையை முறுக்கி, 'யா' போட்டுப் பேசியாயிற்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, சத்தம் கேட்கிற மாதிரி.

பிறகு அவர், பேட்டரி பாரம் தாங்குமா என்று பார்க்கிற இரண்டு கொம்பு வைத்த லோடு டெஸ்டரை எடுத்து வந்து முனைகளில் அழுத்தினார். மீட்டர் முள் தொபுக்கென்று விழுந்தது. மூன்றாவது அறைக்குள் மட்டும் தண்ணீர் குபுகுபுவென்று கொதித்தது. மற்ற ஐந்தும் சும்மா கிடந்தன. அழுகிய முட்டை வாடை வாசல் முழுக்கப் பரவியது. அவருக்கு அது போதும். எனக்கும் அது என்னவென்று தெரியும். ஒரு அறை அப்படித் தனியாகக் கொதித்தால் கதை முடிந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கொட்டகையில் நானும் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறேனே என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது.

அவரைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"தூங்குதுன்னு சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன். நம்ம பேட்டரியை வச்சு ஒரு தடவை எடுத்து விட்டுடுங்க. போயிடுவாங்க."

"போற வழியில லமாடி தாண்டி அணைஞ்சா? அங்க ஆள் நடமாட்டமே கிடையாது, வாண்டே. மழை வேற கட்டிக்கிட்டு நிக்குது. அந்த அம்மா முட்டியைப் பிடிச்சிக்கிட்டு எங்க நடக்கும்?"

"அது அவங்க பாடு! நம்ம பொண்ணு பாட்டை யாரு பார்க்கிறது? நல்ல காரியம் பேச வந்த இடத்தில செத்துச்சுன்னு சொல்லுவாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவருக்கு எல்லாம் புரிகிறது. புரிந்தும் நாக்கு வளையாது. வெளியே போய், கையைத் துடைத்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"செத்துடுச்சு. யாரோ ஆசிட்டை ஊத்தியிருக்காங்க."

 அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "நிச்சயம் பண்ண வந்த வாசல்ல சாவுப் பேச்சு! கேட்டியா அண்ணா?"

"என் வண்டியை யாரும் தொட மாட்டாங்க" என்றார் ஷிகெலா.  "என்னைப் பொய்யன்னு சொல்றாரு இந்த மனுஷன். ஏறுங்கடா எல்லாரும்!"

ஏறினார்கள். கதவை ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தினார்கள். அப்புறம்தான் வண்டி போகாது என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது போலிருக்கிறது. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஷிகெலா நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு பெரியவர்களும் தூறலில் கோபமாக நனைந்தார்கள். தள்ளிவிடலாம் என்று, விருந்துக்கு வந்திருந்த என் கொழுந்தன் இரண்டு அடி வைத்தான். "தொடாதே! பொண்ணு வீட்டுக்காரங்க தள்ளினா எங்களைத் துரத்தின மாதிரி!" என்று அத்தை உள்ளிருந்து கத்தினாள். அவர்களே இறங்கித் தள்ளலாம்தான். ஆனால் கோபித்துக்கொண்டு ஏறியவர்கள் எப்படி இறங்குவார்கள்? இந்தக் கூத்தை ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். கபுலா ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போய்விட்டது, இதுவும் போய்விட்டது என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. மசுங்கா இறங்கினான்.

"எங்கடா போறே?" என்றார் அவன் அப்பா.

 அவன் நேராக என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றான். 

"மாமா, நான்தான் ஊத்தினேன். அப்பா பேட்டரி தண்ணி வாங்கி ஊத்துன்னாரு. கடையில பேட்டரி தண்ணின்னு கேட்டேன், இதைத்தான் கொடுத்தான். ஊத்தும்போது கையில பட்டு எரிஞ்சுது. அப்பவே தெரிஞ்சுது, தப்பான பாட்டில்னு. நல்ல காரியத்துக்குப் போறோம், இன்னைக்குப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லலை."

 என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை அறையில ஊத்தினே?"

நான் பல்லைக் கடித்தேன். பையன் குடும்பத்துக்கு முன்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இவர் கணக்குக் கேட்கிறார்!

"ஆறுலயும். மூணாவதுல கை தவறிக் கொஞ்சம் கூடப் போச்சு."

"அதான்" என்றார் என் வீட்டுக்காரர். முகம் மலர்ந்துவிட்டது. "அதான் மூணாவது கொதிச்சது." பிறகு அவன் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையில் இருந்த தீய்ந்த புண்ணைப் பார்த்தார். "நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து, நான்தான் கெடுத்தேன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தனும் என் முன்னால வந்து நின்னதில்லைடா" என்றார். 

அடுத்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குள் போய், எங்கள் விளக்குக்கும் டிவிக்கும் வைத்திருந்த பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கூரை மேல் சோலார் தகடு போட்டு, நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பேட்டரி அது. புதுச் சட்டை முழுக்க அதன் அழுக்கு. வண்டிக்குள் இறக்கி முனைகளை முறுக்கினார்.

ஷிகெலா கண்ணாடியை இறக்கினார். கோபம் பாதி வடிந்திருந்தது. மீதி பாதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். "மாடு ஓட்டிக்கிட்டு வர வேண்டிய நான், பொண்ணு வீட்டுல பேட்டரி வாங்கிக்கிட்டுப் போறதா? ஊர்ல சிரிப்பாங்க சம்பந்தி."

"அப்ப நான் இங்க இருக்கேன்" என்றான் மசுங்கா. "நீங்க பேட்டரியைத் திருப்பிக் கொண்டாங்க, நான் வரேன். சும்மா வாங்கினதா ஆகாதில்ல?"

அத்தைதான் முதலில் சிரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு, வண்டியே ஆடுகிற மாதிரி சிரித்தாள். "ஒரு பேட்டரிக்கு மாப்பிள்ளையை அடகு வச்சிட்டுப் போறோம் அண்ணா! இதுவும் நல்லாத்தான் இருக்கு!" பின்னால் பெரியவர்களும் சிரித்தார்கள். ஒருவர் ஸ்டியரிங்குக்கு வந்தார். முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது. மழை வலுக்குமுன் ரோடேறிப் போய்விட்டார்கள்.

எல்லாம் சரி. வாசலில் சொல்ல வேண்டிய அந்த வார்த்தையை அவர் சொன்னாரா? இல்லை. அவர்கள் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லாமலேயே பேட்டரியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "என்ன சொல்றீங்க, பையனைப் பிடிச்சிருக்கா இல்லையா?" என்று கேட்டேன். மசுங்காவின் கையில் தடவ வாழைச்சாறு பிழிந்துகொண்டிருந்தவர் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. விளக்கு இல்லாத வீட்டில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு எல்லாரும் உகாலிக் களி சாப்பிட்டோம். பையன் கபுலா பக்கம் திரும்பவே இல்லை, கபுலா தட்டிலிருந்து நிமிரவே இல்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது.

காலையில் ஷிகெலா போன் செய்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். அதற்கும் இவர் "சரி" என்று வைத்துவிட்டார். கபுலா ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் மேலேயோ உள்ள கோபத்தைத் தையல் மெஷினில் காட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் மசுங்கா அந்தச் செத்த பேட்டரியை, மேலே வழிந்த ஆசிட் போகச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அப்போது மணல் லாரி டிரைவர் ஒருவன், ஊர் பேர் தெரியாதவன், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து மசுங்காவைப் பார்த்தான்.

"யாரு பெரியவரே இது, வேலைக்குப் புது ஆளா?"

"மருமகன்" என்றார் என் வீட்டுக்காரர், வந்த பேட்டரியின் மூடியைத் திருகிக்கொண்டே. "என்ன பண்ணினே இதை?"

பெற்றவளுக்குச் சொல்லவில்லை, பெண்ணுக்குச் சொல்லவில்லை, வாசலில் காத்து நின்ற சம்பந்திக்குச் சொல்லவில்லை. எவனோ ஒரு லாரிக்காரனுக்குச் சொல்கிறார்! கையில் இருந்த அகப்பையோடு நான் கொட்டகை வாசலுக்கு ஓடினேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று. ஜன்னலோரத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றது. மசுங்கா சாம்பல் கையோடு அப்படியே நிமிர்ந்து நின்றான். கேட்க வந்ததைக் கேட்காமல், மருமகனுக்கு டீ வைக்க உள்ளே திரும்பினேன்.